வலது பக்கத்து ஒடுக்கு

ஜனவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் என் சின்னவளும் சௌக்கியம். கடிதம் என்றால் எதிராளியின் சௌக்கியத்தையும் கேட்க வேண்டும், அதனால் கேட்கிறேன். மற்றபடி பதினோரு வருஷம் ஐந்து மாதமாக நான் உன்னோடு பேசுவதில்லை. இந்தக் கடிதத்தால் அது மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

போனில் கேட்கலாமே என்றாள் சின்னவள். பட்டறைச் சத்தத்தில் உன் காது போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கத்திக் கத்திப் பேச எனக்குத் தெம்பில்லை. எழுத்து கோணலாக இருந்தால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள். நான் படித்த நாலாம் வகுப்புக்கு இவ்வளவுதான் வரும்.

விஷயம் உன் அத்தானின் மோட்டார் சைக்கிள். நீ அதைக் கீழே போட்ட வாரத்திலிருந்து அவர் அதைத் தொடவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் எட்டு வருஷம் ஆகிறது. வண்டி பின்பக்கக் கொட்டகையிலேயே நின்றது. இப்போது சின்னவளுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை. ஏப்ரல் ஐந்தாம் தேதி வண்டியோடு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருஷமாக வேலையில்லாமல் அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான்.

எஞ்சினை மெக்கானிக் ஓட வைத்துவிட்டார். பெட்ரோல் டேங்க்தான் சனியன். உள்ளே முழுக்கத் துரு, அடியில் ஒழுகுகிறது. "தூக்கிப் போடுங்கம்மா, இந்த மாடலுக்கு டேங்க் இப்ப எங்கயும் கிடைக்காது"ன்னு சொல்லிவிட்டார். தூக்கிப் போட்டுவிட்டு எதில் பெட்ரோல் ஊற்றுவது, என் தலையிலா? முப்பது வருஷம் டேங்க் பட்டறையில் இருந்தவன் நீ. வழி இருந்தால் எழுது. இல்லை என்றால் அதையாவது எழுது.

உன் அக்கா

ஜனவரி 20

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

டேங்கைத் தூக்கிப் போட வேண்டாம். காப்பாற்றிவிடலாம். முதலில் மீதி பெட்ரோலை வடித்துவிட்டு மூடியைத் திறந்து வையுங்கள். யாரும் பக்கத்தில் நெருப்புக் கொண்டுபோகக் கூடாது. காலியான டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும். பிறகு டார்ச் அடித்துப் பார்த்து எழுதுங்கள். துரு பொடியாக இருக்கிறதா, செதில் செதிலாக உரிகிறதா? ஒழுகும் இடம் ஊசிக்கண் அளவா, விரல் நுழையுமா? வண்டி விழுந்ததில் ஏற்பட்ட ஒடுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம்?

தங்கள் அன்புத் தம்பி

ஜனவரி 28

தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். சின்னவளுக்கு லேசாகச் சளி.

யாரடா அந்த "நீங்கள்"? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடித்ததில் என் இடுப்பு இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கோபம் இருந்தால் இருக்கட்டும், மரியாதை எல்லாம் வேண்டாம்.

துரு செதில் செதிலாக உரிகிறது. ஓட்டை ஊசிக்கண் மாதிரி இரண்டு, அடியில். ஒடுக்கு எலுமிச்சம்பழம் உட்கார்கிற அளவு, டேங்கின் முன்பக்கம், வலது பக்கம்.

எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறாயே, போட்டவனுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும். ஆகஸ்ட் பதினாலு, புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணி. நான் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால் வண்டி ஒடுக்கோடு நிற்கிறது. நீயும் உன் அத்தானும் அதற்கு இரண்டு பக்கமும் நிற்கிறீர்கள். "வளைவுல ஜல்லி கிடந்துது, வழுக்கிடுச்சு"ன்னு நீதான் சொன்னாய். அவர் வாயைத் திறக்கவில்லை. ராப்பகலாகக் கடைகளுக்குப் போர்டு எழுதி, அந்த வண்டியை வாங்கி, டேங்கில் தன் கையாலேயே தங்கக் கோடு இழுத்த மனுஷன். அந்த வருத்தத்திலேயே வண்டியை விட்டுவிட்டார். "தெரியாம நடந்துடுச்சு அக்கா"ன்னு ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வரவில்லை. அதற்குத்தான் உன்னைப் போகச் சொன்னேன், வண்டிக்காக இல்லை. என் கல்யாணத்தன்று ரேடியோவைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாயே, அதைக்கூட நான் மன்னித்தவள்.

அந்த ஒடுக்கை எடுக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். ஓட்டையை மட்டும் அடைக்க வழி சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். டேங்கின் உட்சுவரில் துருப் பிடிக்காமல் பூசுகிற சீலர் டப்பா வாங்கி வருவதற்கு இத்தனை நாள் ஆயிற்று. பார்சலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். சின்னவளின் சளி போயிற்றா?

எந்தப் பக்கம் என்பது மறந்துபோயிற்று. வயதாகிறதல்லவா.

இனி வேலையைச் சொல்கிறேன். டேங்கைக் கழற்றி, அடியில் இருக்கும் பெட்ரோல் குழாயையும் கழற்றி, அந்தத் துளையை ரப்பர் வைத்து அடை. சோப்புத் தண்ணீர் ஊற்றி பெட்ரோல் வாசனை போகும்வரை நாலைந்து தடவை கழுவு. பிறகு சின்ன இரும்பு நட்டுகள் நாற்பது உள்ளே போடு. எண்ணிப் போடு, எண்ணி எடு. பாதி டேங்க் வினிகர் ஊற்றி மூடிக் குலுக்கு. ஒரு நாள் ஊற விட்டுத் திரும்பக் குலுக்கு. செதில் எல்லாம் வந்துவிடும்.

அதன் பிறகு டிங்கர்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஓட்டையில் ஈயம் வைக்கச் சொல். அவர் சூடு வைக்கும்போது, வைக்கிற இடத்துக்குச் சற்றுக் கீழே வரை டேங்கில் தண்ணீர் இருக்கட்டும். ஒடுக்கை எடுப்பதென்றால் அப்போதே எடுத்துவிட வேண்டும். சீலர் பூசிய பிறகு சூடு பட்டால் பூச்சு கருகிவிடும். உன் இஷ்டம்.

கடைசியாக ஒரு தடவை வினிகர், அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீர், அப்புறம் ஸ்பிரிட் ஊற்றிச் சுழற்றிக் காய வைத்து, அன்றைக்கே சீலரை ஊற்றிவிடு. அன்றைக்கே, அக்கா. துரு போன இரும்பு காத்திருக்காது.

உன் தம்பி

மார்ச் 1

தம்பிக்கு,

பார்சல் வந்தது. அதில் நீ வைத்திருந்த முழங்கால் வலித் தைலமும் வந்தது. நான் கேட்கவில்லை. ஆனாலும் தடவிக்கொண்டேன்.

இரண்டு பேரும் டேங்கைப் பழைய போர்வையில் போட்டு, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, தூளி ஆட்டுகிற மாதிரி ஆட்டினோம். எதிர்வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, "என்னக்கா, உள்ள யாரு?"ன்னு கேட்டாள். "என் தம்பி"ன்னு சொல்லிவிட்டேன். சேறு மாதிரி வந்தது துரு. நாற்பது நட்டு போட்டதில் முப்பத்தொன்பது வந்தது. கடைசி ஒன்றுக்காகச் சின்னவள் அரை மணி நேரம் டேங்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பொறுமை அவள் அப்பாவோடது, என்னுடையது இல்லை.

நேற்று டிங்கர்காரர் வந்தார். நல்ல மனுஷர், ஆனால் வாய் ஓயாது. ஓட்டைக்கு ஈயம் வைத்தார். ஒடுக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரும்மா கீழ போட்டது?"ன்னு கேட்டார். "என் தம்பி. வளைவுல ஓட்டிட்டுப் போறப்ப வழுக்கிட்டான்"னேன்.

"ஓட்டுறப்பவா? இருக்காதும்மா" என்றார். "ஓடுற வண்டி விழுந்தா தரையில தேய்ச்சுக்கிட்டுப் போகும். பெயிண்ட் கிழிஞ்சிருக்கும், கால் வைக்கிற கம்பி மடங்கியிருக்கும். இதுல ஒரு கீறல் இருக்கா பாருங்க. நின்ன வண்டி வலப்பக்கமா சாய்ஞ்சிருக்கு. ஹேண்டில் திரும்பி டேங்குல இடிச்சிருக்கு. ஸ்டாண்டு எடுக்கிறப்ப கைக்கு வெயிட்டு தாங்கலைன்னா இப்படித்தான் ஆகும். வயசானவங்க வண்டியில நிறைய பார்த்திருக்கேன்."

தம்பி, நீ அன்றைக்கு வயசானவன் இல்லை. இரண்டு கையிலும் இரண்டு லாரி டேங்கைத் தூக்குகிறவன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, உனக்கே தெரியும். அன்றைக்கு நீ போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. நான் துவைத்துப் போட்டது. ஜல்லியில் விழுந்தவன் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. பதினோரு வருஷமாக அந்தச் சட்டை என் கண் முன்னால் நிற்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

யார் கீழே போட்டது? எனக்குப் பதில் வேண்டும். டேங்கைக் கழுவித் துடைத்துக் காய வைத்து, வாயில் துணி அடைத்து வைத்திருக்கிறேன். உள்ளே புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. உன் பதில் வராமல் சீலரை ஊற்ற மாட்டேன். அன்றைக்கே, அன்றைக்கே என்று பயம் காட்டுகிறாய். என் தோசைக்கல் நாலு நாள் காய்ந்து கிடந்தாலும் துருப் பிடிப்பதில்லை.

உன் அக்கா

மார்ச் 6

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், குசலம் விசாரிக்க நேரமில்லை. தோசைக்கல்லில் எண்ணெய் ஊறியிருக்கிறது. இது வினிகரில் குளித்த பச்சை இரும்பு. ஒரு ராத்திரி போதும். கடிதம் கிடைத்த நிமிஷமே சீலரை ஊற்று. முடியாது என்றால் எஞ்சின் ஆயில் ஒரு டம்ளர் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி சுழற்றி வை. இன்னும் முப்பது நாள்தான் இருக்கிறது.

சின்னவளை நினைத்துக்கொள்.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் டேங்க் போயிற்று. துணியை எடுத்துவிட்டு டார்ச் அடித்தால் உள்ளே முழுக்க மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. மேலோட்டமான துருதான், ஆனால் துரு. ஈயம் வைத்த இடத்தில் மட்டும் இல்லை.

சின்னவள் பார்த்தாள். உன் கடிதத்தையும் படித்தாள். அவள் என்னிடம் குரல் உயர்த்துகிறவள் இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, அதுதான் தாங்கவில்லை. "ரெண்டு பேர் சண்டைக்கு என் வேலைதான் கிடைச்சுதாம்மா?"ன்னு கேட்டாள். "நீ மாமாவை மடக்கணும்னு டேங்கைப் பிடிச்சு வச்சிருக்கே. அது டேங்க் இல்ல, நான்."

அவள் படுக்கப் போன பிறகும் நான் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதினாய். வினிகர் எவ்வளவு, நட்டு எத்தனை, எல்லாம். யார் கீழே போட்டது என்பதற்கு மட்டும் எழுதவில்லை. எழுதாததே எனக்குப் போதும். இனி நானே சொல்கிறேன், நீ கேள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். குளிருகிறது போல என்று நினைத்தேன். ஆகஸ்டில். அடுத்த மாதம் போர்டு எழுதும் வேலை இரண்டைத் திருப்பி அனுப்பினார். கண் மங்கலாக இருக்கிறது என்றார். சட்டைப் பொத்தானை என்னைப் போடச் சொன்னார். இந்த வயதில் கொஞ்சுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். வண்டியைத் தொடாதபோது உன்மேல் உள்ள வருத்தம் என்று நினைத்தேன். அதற்கும் சேர்த்து உன்னைத் திட்டினேன். கை நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்று டாக்டர் எனக்குச் சொன்னது மறு வருஷம் மே மாதம்.

அந்தக் கையால்தான் சோறு என்று இருந்தவர் என்னிடம் சொல்ல மாட்டார். உன்னிடம் என்ன சொல்லி வாயை அடைத்தார்? பக்கத்து வீட்டில் பால் பொங்கினால்கூடத் தெரு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டு வருகிற பயல் நீ.

மறுபடியும் வினிகர் வாங்கியிருக்கிறேன். நாளையிலிருந்து தனியாகவே குலுக்கப்போகிறேன். டிங்கர்காரரைத் திரும்பக் கூப்பிட்டு ஒடுக்கையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். தண்டு ஒன்றை ஈயத்தால் ஒட்டி வெளியே இழுப்பாராம். நீ பதில் எழுத வேண்டாம்.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இருந்தாலும் எழுதுகிறேன். முழங்கால் வலியோடு தனியாகக் குலுக்காதே. எதிர்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டுக்கொள்.

நான் ஒரு மனுஷனுக்கு வாக்குக் கொடுத்தேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அதனால் நீ எழுதியதில் எது சரி, எது தப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் திருத்துகிறேன். அன்றைக்கு நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை இல்லை, வெளிர் நீலம்.

அவருக்கு முடியாமல் போன பிறகாவது நான் வந்து பேசியிருக்கலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு தடவை பஸ் ஏறி உன் தெருமுனை வரை வந்தேன். ஜன்னல் வழியே நீ அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. இவள் இப்போது யார்மேலாவது கோபப்பட வேண்டும், அவர்மேல் கோபப்பட்டால் ஊட்டுகிற கை நின்றுவிடும், என்மேல் என்றால் யார் சாப்பாடும் நிற்காது என்று நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சீலர் ஊற்றும்போது கவனி. இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கலந்து, டேங்கை மெதுவாக, ஒவ்வொரு பக்கமாக நிறுத்தித் திருப்பு. எல்லாச் சுவரும் நனைய வேண்டும். மிச்சத்தைக் கட்டாயம் வடித்துவிடு, அடியில் குளம் கட்டினால் உரிந்து வரும். குழாய் மாட்டும் மரையில் முன்பே கிரீஸ் தடவு. மூடியில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை ஒன்று இருக்கும், அது அடைபட்டால் வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். ஒரு வாரம் வெயிலில் காய விடு. தொட்டுத் தொட்டுப் பார்க்காதே, உன் வழக்கம் எனக்குத் தெரியும்.

உன் தம்பி

ஏப்ரல் 9

என் தம்பிக்கு,

நானும் சின்னவளும் நலம், வண்டியும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

மார்ச் 27-ந் தேதி சீலர் ஊற்றினோம். தையல்காரியும் வந்து பிடித்தாள். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி மூன்று பேரும் திருப்பித் திருப்பிப் பிடித்தோம். உள்ளே இப்போது சாம்பல் நிறத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தேன், மூன்றாம் நாள். ஏழாம் நாள் பெட்ரோல் ஊற்றி, அடியில் காகிதம் விரித்து ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் காகிதம் காய்ந்தபடியே இருந்தது.

ஒடுக்கு இருந்த இடம் தெரியவில்லை. தங்கக் கோடு அந்த இடத்தில் நாலு விரல்கடை அழிந்துபோயிற்று. திரும்ப எழுதவா என்று டிங்கர்காரர் கேட்டார், வேண்டாம் என்றேன்.

ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு அவள் கிளம்பினாள். முதல் நாள் ஒன்பது வீடு. முதல் வீட்டுக் கிழவர், "வலிக்காம எடுப்பியா?"ன்னு கேட்டாராம். "வலிச்சா திட்டுங்க, எங்க வீட்டுல பழக்கம்தான்"ன்னு சொல்லிவிட்டு எடுத்தாளாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பு.

உன் அத்தானோடு சண்டை போட்டேன். படத்துக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டேன். என் புருஷன் கை விழுந்தால் எனக்குத் தெரிய வேண்டாமா? நான் என்ன, விட்டுவிட்டு ஓடிவிடுவேனா? அவர் பேசவில்லை. நாலு நாள் அந்தப் படத்தைத் துடைக்கவில்லை. ஐந்தாம் நாள் மூக்குக் கண்ணாடியில் தூசி படிந்து பரிதாபமாக இருந்தார், துடைத்துவிட்டேன்.

தெருமுனை வரை வந்தவன் வீட்டுக்கு வராமல் போனாய் அல்லவா, அதை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை. சட்டை வெள்ளைதான். துவைத்தவள் நான்.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இந்த வயதில் ஆரம்பித்தால் சரியாக வராது. ஒரு சிக்கல் மட்டும் சொல்கிறேன். பதினோரு வருஷமாகக் காலையில் பல் தேய்த்ததும் உன்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். இப்போது அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்கிறது. நாள் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்கு லீவு, பஸ் நிலையத்துக்கு வண்டியில் வந்து உன்னை ஏற்றிக்கொள்வாள். மாற்றுத் துணி நாலு கொண்டு வா. வந்து எதையாவது உடை.

அக்கா